ஓனரக்காவின் குதிகால்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பத்துத் தெரு ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியை நான் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஓனரக்கா என்றுதான். கீழே அவளும் அவள் கணவரான மாமாவும், மாடியில் நாங்கள். இப்போது புழலில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனாலும் யாராவது புரியாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தால், அந்த அக்கா இங்கே இருந்திருந்தால் இவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தானாகச் சிரிப்பு வரும்.

வீடு பார்க்கப் போன அன்றே அவளை நாங்கள் தெரிந்துகொண்டோம். என் வீட்டுக்காரருக்குத் தண்டையார்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். ஊர் தென்காசிப் பக்கம். தண்ணீர் எப்படி என்று நான் கேட்டதற்கு, "ஒருநாள் வரும், ஒருநாள் வராது" என்றாள் அக்கா. என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக, "பரவாயில்லக்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதோம்" என்றார்.

"அட்ஜஸ்ட்டுன்னா இன்னா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி வராட்டி சொம்மா கெடப்பீங்களா, இல்ல விடியங்காட்டியும் வந்து எங்கதவ தட்டுவீங்களா? அத்த சொல்லு."

அவர், "தட்டுவோம்க்கா" என்றார்.

"அப்ப சரி" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவள் குணமே அதுதான். புரியாததற்குத் தலையாட்ட மாட்டாள். நாமெல்லாம் எத்தனை பேரிடம் எத்தனை விஷயத்துக்குத் தலையாட்டுகிறோம். பேங்கில், பள்ளிக்கூடத்தில், கோயிலில், செல்போன் கடையில். வெளியே வந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், "என்னங்க சொன்னாரு?" என்று கேட்போம். அக்கா உள்ளேயே, சொன்னவரிடமே கேட்பாள். அது இங்கிலீஷ் வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஓட்டு கேட்டு வந்த ஒருவர் தெருமுனையில் மைக்கைப் பிடித்து, "மீனவ மக்களின் வாழ்வாதாரம் மேம்படுத்தப்படும்" என்று முழங்கியபோது, கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று, "மேம்படுத்தறதுன்னா இன்னா பண்ணுவ நைனா? அலை ஊருக்குள்ள வராம கடலுக்குக் கல்லு கொட்டுவியா, வலை வாங்கித் தருவியா? எதுன்னு சொல்லிட்டுப் போ" என்றாள். அவர் கல் கொட்டுவதாகச் சொன்னார். கொட்டவும் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அவளோடு கடைக்குப் போவது பேஜாரு பிடித்த வேலை. பிரிஜ் வாங்கப் போன இடத்தில் விற்பனைப் பையன் 'இன்வெர்ட்டர் கம்ப்ரசர்' என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். நான் பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு நைட்டி பொறுக்கிவிட்டுத் திரும்பினேன். பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை. சின்ன வயதில் யாராவது இவளைப் பேச்சில் ஏமாற்றியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் கேட்டே விட்டேன். "எவனும் ஏமாத்தல. புரியலன்னாக்கா தூக்கம் வர்றதில்ல எனக்கு. அத்தொட்டு கேக்கறேன்" என்றாள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மாமா இதற்கு நேர் எதிர். காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலில் அவரை யாரும் அசைக்க முடியாது என்று தெருவில் சொல்வார்கள். கரையில், சட்டையை உள்ளே விட்ட எவரைக் கண்டாலும் அவர் தலை தானாக ஆடும். "சரிங்க சார், சரிங்க மா" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது.

அந்தக் கரையில் வெறுங்காலோடு நடந்தால் தார் ஒட்டும். தூரத்தில் நிற்கிற கப்பல்களிலிருந்து வழிகிற எண்ணெய்தான் கட்டி கட்டியாகி மணலில் ஒதுங்குகிறது என்பார்கள். குப்பத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பாட்டிலில் படகு டீசலும் ஒரு கந்தல் துணியும் இருக்கும். காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். எங்களுக்கு அக்கா சொன்ன முதல் சட்டமும் அதுதான். அவளோ தினமும் காலையில் படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போய்விடுவாள். செருப்பு போடுவது கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான்.

அதனால் அவள் வலது குதிகாலில் அந்தக் கறுப்பு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் யார் குதிகால்தான் கறுப்பில்லை? டீசல் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துக் கல்லில் தேய்த்தாள். போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "பழைய தாரு, உள்ள எறங்கிட்ச்சி" என்றாள். இன்னும் நன்றாகத் தேய்த்தாள். மாதக்கணக்கில் இது நடந்தது. பிறகு மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, கால் ஆணி என்று ஒட்டுப் பிளாஸ்திரி கொடுத்தார். அதையும் ஒட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். "இந்தாமே, செல்லுல எங்குதிகால ஒரு போட்டோ புடி. எனக்கு எட்டிப் பாக்க முடியல."

பிடித்துக் கொடுத்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலம். ஓரம் கோணல்மாணலாக, சிந்திய டீ பரவியதுபோல் இருந்தது.

"தாருன்னா தொடைச்சா போவணும். ஆணின்னா மிதிச்சா வலிக்கணும். இது போவவும் இல்ல, வலிக்கவும் இல்ல. அப்ப இது இன்னா?" என்றாள்.

"தெரியலையேக்கா."

"அப்ப தெரிஞ்சவங்க கையில காட்டணும்."

மறுநாளே மாமாவோடு அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர், அறுவை சிகிச்சைப் பிரிவு. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குதிகாலை விளக்கு போட்டுப் பார்த்தார், இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கில் தடவிப் பார்த்தார். "ஒரு பயாப்சி எடுத்துடலாம்மா" என்றார். மாமா உடனே, "சரிங்க மா" என்றார்.

"பயாப்சின்னா இன்னா?" என்றாள் அக்கா.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கறுப்புலேர்ந்து கொஞ்சூண்டு சதை எடுத்து, மைக்ராஸ்கோப்ல வச்சு, அது என்னன்னு பாக்கறது. மரத்துப்போற ஊசி போட்டுத்தான் எடுப்போம்."

"முழுசா எடுக்க மாட்டீங்களா?"

"என்னன்னு தெரிஞ்சப்பறம்தான் எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ணணும்."

"புரியுது. எடு" என்றாள்.

பயாப்சி முடிவு சொல்லும் நாளில் அக்கா கட்டு மாற்றிக்கொள்ள உள்ளறைக்குப் போயிருந்தபோது டாக்டர் எங்களை அழைத்துச் சொன்னார். மெலனோமா. தோலில் வருகிற புற்றுநோயில் ஒரு வகை. அறுவை செய்ய வேண்டும். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரைப் புண்ணில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. மாமா கையைக் கூப்பிக்கொண்டு, "யம்மா, அவ கையில சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா" என்றார்.

"அவங்க கேட்டா நான் சொல்லியாகணும். அவங்க உடம்பு" என்றார் டாக்டர்.

"இன்னிக்கு வோணாம்மா. நாங்களே பதமா சொல்லிக்கறோம்."

அக்கா வந்து உட்கார்ந்ததும் டாக்டர், "மெலனோமான்னு வந்திருக்கும்மா, ஆபரேஷன் பண்ணணும். உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட பேசறேன்னாரு. என்ன கேக்கணும்னாலும் நாளைக்கே வாங்க, நான் இருப்பேன்" என்றார். மாமா நாலைந்து தடவை தலையாட்டிவிட்டு அவளைத் தள்ளாத குறையாக வெளியே கூட்டிவந்தார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம்.

"மெலனோமான்னா இன்னாய்யா?"

"அது ஒண்ணியும் இல்லமே. மச்சத்துல ஏதோ கோளாறாம். வெட்டிட்டா பூடுமாம்."

"கோளாறுன்னா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசின் பிரிட்ஜ் தாண்டியது. அக்கா என்னைப் பார்த்தாள். மாமாவும் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கெஞ்சல்தான். அந்த மனிதர் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அவளிடம் எதைச் சொல்லித் தப்பிப்பது? பொய் சொன்னால் அந்தப் பொய்க்கும் அர்த்தம் கேட்பாள்.

"கேன்சர்க்கா" என்றேன். "தோல்ல வர்ற கேன்சர்ல ஒண்ணு."

எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். கொருக்குப்பேட்டை போனது, தண்டையார்பேட்டை போனது. அக்கா அவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் வந்து நான் பார்த்ததில்லை.

"காலு பூடுமா?" என்றாள் கடைசியில்.

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"நாளிக்கு போலாம். அந்தம்மாவத்தான் கேக்கணும்."

நான் சொன்னது சரியா என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சில சமயம் இழுப்பார். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அன்றைக்கு மாமா கொதித்துப்போனார். வாசலில் காலைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த மாசம் நீங்க வேற வூடு பாத்துக்குங்க" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "வூடு யாரு பேர்ல கீது?"

வீடு அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. பேச்சு அத்துடன் முடிந்தது.

சாயங்காலம் நான் செல்போனில் தேடிப் பார்த்தேன். வந்த படமெல்லாம் வெள்ளைக்காரர்கள். வெயிலில் படுக்காதே, தோலுக்குக் கிரீம் தடவு என்று அறிவுரை. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "குதிகாலுக்கு எங்கமே வெயிலு?" என்றாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

மறுநாள் முதல் கேள்வியே அதுதான். மாமாவும் வந்திருந்தார், வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"நல்ல கேள்விம்மா" என்றார் டாக்டர். "தோலுக்கு நிறம் குடுக்கற செல்லு ஒண்ணு இருக்கு. அது கட்டுக்கடங்காம பெருகுறதுதான் மெலனோமா. வெள்ளைக்காரங்களுக்கு வெயில் பட்ட இடத்துல வரும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அபூர்வமாத்தான் வரும். வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, இப்படி வெயிலே படாத இடத்துல வருது."

"ஏன் அங்க?"

"முழுசா யாருக்கும் தெரியலைம்மா."

அக்கா என் பக்கம் திரும்பி, "தெர்லன்னு சொல்லுது பாரு. இந்தம்மாவ நம்பலாம்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"டீசல் போட்டுத் தேச்சனே, அத்தால வந்ததா?"

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்ல. ஆனா தேச்சுக்கிட்டே இருந்ததுல நாள் போயிடுச்சு."

"மச்சத்துக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

"மச்சம் இருக்கற இடத்துல இருக்கும். இது கெளம்பிப் போற ஜாதி. மாலிக்னன்ட்னு நாங்க எழுதறது அதைத்தான். எவ்வளவு ஆழம் எறங்கியிருக்கு, எங்கயாவது போயிருக்கா, இந்த ரெண்டையும் வச்சுத்தான் எந்த ஸ்டேஜ்னு சொல்லுவோம். உங்களுது ரொம்ப ஆழம் போகல. வேற எங்கயாவது போயிருக்கான்னுதான் பாக்கணும்."

"எப்டி பாப்ப?"

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுது இல்ல? பாதத்துலேர்ந்து எது கெளம்புனாலும் மொதல்ல அந்த நெறிக்குத்தான் வரும். நீல மருந்து ஒண்ணு குதிகால்ல ஊசி போட்டா, எந்த நெறி மொதல்ல நீலமாகுதோ அதை மட்டும் எடுத்துப் பாப்போம். அதுக்குப் பேரு சென்டினல் நோட். அது சுத்தமா இருந்தா பெரும்பாலும் வேற எங்கயும் போகலைன்னு அர்த்தம்."

"செக்போஸ்ட்டு" என்றாள் அக்கா. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகுதான் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, "காலு?" என்றாள்.

"காலை எடுக்க வேண்டியதில்லம்மா. கறுப்பைச் சுத்தி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுப்போம். மார்ஜின்னு பேரு. விட்டுப்போயிடக் கூடாது இல்ல? குதிகால்ல பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு, உங்க உள்ளங்கால் வளைவு இருக்கே, அங்கேர்ந்து சதையை ரத்தக் குழாயோட, நரம்போட நகர்த்தி வச்சுடுவோம். வளைவுக்குத் தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டுவோம்."

"இங்க இருக்கறத அங்க, அங்க இருக்கறத இங்க."

"ஆமா."

"நடப்பனா?"

"நடக்கணும்னுதான் இவ்வளவும்."

வாசலில் மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரயிலில் திரும்பும்போது என்னிடம், "டீ சாப்புடறியாம்மா?" என்று கேட்டார். அதோடு எங்கள் சண்டை தீர்ந்தது.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டு, "எந்த ஸ்டேஜாம்?" என்று கேட்டார்கள். "ஸ்டேஜ்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்று அக்கா திருப்பிக் கேட்பாள். தெரியாது என்றால் உட்காரவைத்து ஆழம், நெறி, செக்போஸ்ட் எல்லாம் சொல்லி, போவதற்குள் பாதத்தைக் காட்டச் சொல்வாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தேன். ஒருத்திக்குக் கட்டை விரலடியில் கறுப்பாக இருந்தது. எல்லாரும் பயந்து நிற்க, அக்கா டீசல் துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வந்துவிட்டது. "தாரு. போய் கஞ்சி காச்சு" என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் சிறுநீர் பச்சையாகப் போயிற்று என்று நர்ஸைக் கூப்பிட்டு ஒரு விசாரணை நடத்தினாள். குதிகாலில் போட்ட நீல மருந்துதான் அது என்று தெரிந்ததும், வார்டில் இருந்த மற்ற நோயாளிகளுக்கு அதைச் சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று உத்தரவு. மாமா கடலுக்குப் போகாமல் அவளைத் தூக்கி உட்காரவைத்து, மீன் கழுவி, குழம்பு வைத்தார். குழம்பு சுமார்தான். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

முடிவு சொல்லும் நாளும் வந்தது. டாக்டர் எங்களை நிற்கவைக்கவில்லை. உள்ளே நுழைந்ததுமே, "நெறி சுத்தமா இருக்கும்மா. ஓரமும் சுத்தமா இருக்கு" என்றார்.

மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். நான் என்னையறியாமல் அக்காவின் கையைப் பிடித்திருந்தேன். அது சில்லென்று இருந்தது.

"சுத்தம்னா, இனிமே வராதுன்னு அர்த்தமா?" என்றாள் அக்கா.

"அப்படிச் சொல்ல மாட்டேன். இப்ப இல்லன்னு அர்த்தம். சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்டணும். நாமளும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்போம்."

"இப்ப இல்ல" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அது போதும். அது புரியுது."

கட்டைப் பிரித்தார்கள். குதிகாலில் வேறு நிறத்தில் ஒரு சதைத் துண்டு, சுற்றிலும் தையல் தழும்பு. நன்றாக ஒட்டிப் பிடித்திருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெதுவா ஊனிப் பாருங்க. முழு பாரம் போடாதீங்க" என்றார்.

மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து இடது காலில் நின்றாள். வலது காலைத் தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஆயிரம் கேள்வி கேட்டவளுக்கு அந்தக் காலை இறக்கத் தைரியம் வரவில்லை. என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு குதிகாலைச் சில்லென்ற தரையில் வைத்தாள்.

அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள். தோள் ஆடியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமா பதறிப்போனார்.

"இன்னாமே? வலிக்குதா? ஒக்காந்துக்க, ஒக்காந்துக்க. யம்மா, பாருங்கம்மா, அழுவுது."

அக்கா நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கால் வளைவிலிருந்து வந்த சதை, தான் இடம் மாறிய சேதியே தெரியாமல் குதிகாலில் இருந்தது. அவள் இன்னொரு அடி எடுத்து வைத்தாள், மறுபடி குலுங்கினாள்.

"அழுவலய்யா" என்றாள். "கூசுது."